எர்த்துக்கு ஒரு குடம் தண்ணீர்

எங்கள் கடைக்குள் வந்ததும் அவர் முதலில் என்னைப் பார்க்க மாட்டார். கூரையைப் பார்ப்பார். செங்கல்பட்டு பஜாரில் எங்களுடையது இரும்புச் சாமான் கடை. அப்போது கடையில் நாலு ட்யூப்லைட்டுகள் இருந்தன. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பாய், மூணாவது லைட்டு அழுவுது. சோக்கை மாத்து" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. வெளியே லாரியும் மாட்டு வண்டியும் போட்டி போட்டுக்கொண்டு போகிற தெருவில் ஒரு ட்யூப்லைட் அழுவது எவன் காதில் விழும்? நான் சிரித்துவிட்டு ஆணியை நிறுக்கப் போய்விடுவேன். அடுத்த வாரம் அந்த மூன்றாவது லைட்டே புகைந்து அணையும்.

ரேடியோ மெக்கானிக். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். பெயரை எழுதப் போவதில்லை. அவர் பெயர் கெடக் கூடாது என்று நினைத்து நான் ஒரு காரியம் செய்தேன். அந்தக் காரியத்தைச் சொல்லிவிட்டு, பெயரையும் சேர்த்துச் சொன்னால் செய்தது வீணாகிவிடும்.

அவரைப் பார்த்த எவருக்கும் மறக்காத விஷயம் அந்த இடது கை. வேலை செய்யும்போது அது காக்கி பேண்ட்டின் பின் பாக்கெட்டுக்குள் இருக்கும். லுங்கி கட்டியிருந்தால் முதுகுக்குப் பின்னால் இடுப்பு மடிப்பில் செருகியிருக்கும். திறந்து போட்ட ரேடியோவுக்குள் வலது கை மட்டும் போய் வரும். பழகிப் பழகி, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதும், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிக்கு முன் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கை பின்னால்தான். "இன்னா அண்ணாத்த, கையை அடகு வச்சிட்டியா?" என்று ஒருமுறை கேட்டேன். சிரிக்கவில்லை.

"ஒரு கைய குடுத்தா கரண்டு கொஞ்சம் யோசிக்கும் பாய். ரெண்டு கையும் குடுத்தா நேரா நெஞ்சு வழியா போவும். நான் ஒரு தபா பாத்துட்டேன்."

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர். ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலை செய்யலாமே என்றால் மட்டும் முகம் சுளிப்பார். ஓடிக்கொண்டிருக்கும்போது கை வைத்தால்தான் எதைத் தொட்டால் சத்தம் எப்படி மாறுகிறது என்று காது சொல்லும் என்பார்.

எங்களை நெருக்கமாக்கியது ஒரு ரெக்கார்டு பிளேயர். சிங்கப்பூரில் இருந்த என் மச்சான் ஒரு பிளேயரும் இருபது இசைத்தட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் வீட்டு ரேடியோவில் அதை மாட்டினால் பாட்டு கொசு முனகுவது போலக் கேட்டது. தூக்கிக்கொண்டு இவரிடம் போனேன். முள்ளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது காந்த முள்ளு பாய். நம்மூரு முள்ளு மாதிரி கத்தாது, முணுமுணுக்கும். அத்த கேட்டுத் திருப்பிச் சொல்றதுக்கு நடுவுல ஒரு பொட்டி வேணும்."

அந்தப் பெட்டியை அவரே கட்டினார். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய இரண்டு கண்ணாடி வால்வுகள், செத்துப்போன ஒரு ரேடியோவின் ட்ரான்ஸ்பார்மர், என் கடையில் வாங்கிய அலுமினியத் தகடு. அவர் முன்பே வைத்திருந்த ஆம்ப்ளிஃபையரைப் பெரிய பெட்டி என்றும் இதைச் சின்னப் பெட்டி என்றும் சொல்வோம். முள் முணுமுணுப்பதைச் சின்னப் பெட்டி வாங்கிப் பெரிய பெட்டிக்குக் கொடுக்கும். அது ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். முதல் தட்டு ஓடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாடுகிற பெண் மூச்சு வாங்குவது கேட்டது. நான் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"அடியில ஒண்ணு கீது."

தட்டின் கடைசியில் பாட்டு முடிந்த பிறகு எனக்கும் கேட்டது. 'ஊம்' என்று மிக மெல்லிய ஓர் இரைச்சல். ஹம் என்பார்கள். "தட்டு வெட்டும்போதே கனமான சத்தத்தைக் கொறைச்சி வெட்டுறான் பாய். இல்லாங்காட்டி முள்ளு எகிறிடும். நாம அத்தத் திருப்பி ஏத்தணும். ஏத்தும்போது ஹம்மும் தொத்திக்கினு மேல வருது" என்றார். அதனால் என்ன, பாட்டு கேட்கும்போது அது தெரியவில்லையே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வேறு ஊர்க்காரன் ஆகிவிட்டேன். பிளேயர் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஹம்முக்காகவே அவர் ஊரை விட்டுப் போனார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். செங்கல்பட்டில் அவர் வீட்டுக்குப் பின்னால் ரைஸ் மில். மோட்டார் ஓடினால் லைனில் அழுக்கு வருகிறது என்றார். மகாபலிபுரத்துக்குத் தெற்கே, மீனவர் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, மனைவியையும் மூன்று வயது மகளையும் அழைத்துப் போய்விட்டார். கடை இங்கே, வீடு அங்கே. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். கடல் இரைகிறதே, அது பரவாயில்லையா என்று கேட்டேன். "அது வெளிய கீது பாய். நான் சொல்றது உள்ள கீறது" என்றார்.

அங்கே போனதும் செய்த முதல் வேலை, வீட்டுப் பக்கவாட்டில் எர்த் போட்டது. நானே பைப் கொடுத்தேன். மணல் பூமி, ஈரம் நிற்காது. ஆளுயரக் குழி வெட்டி, பைப்பை நிறுத்தி, சுற்றிலும் கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். மேலே வாய் உடைந்த ஒரு பானையைப் பதித்தார். அதிலிருந்து கம்பி வீட்டுக்குள் போய், பச்சை ஒயராக இரண்டு பெட்டிகளின் முதுகிலும் ஏறியது. பெட்டிக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால் ஆளைப் பிடிக்காமல் இந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் எர்த் போட்டுக் கொடுத்தவர். மனைவியைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்:

"தெனம் ஒரு கொடம் தண்ணி இதுல ஊத்தணும். இது காஞ்சிதுன்னா நம்ம உசுருக்கு ஜவாப்தாரி கிடையாது. புரிஞ்சிதா?"

அந்தப் பெண் செய்யூர்ப் பக்கம். வேர்க்கடலைக் காட்டில் வளர்ந்தவள், சொன்னால் சொன்னதுதான். குடிதண்ணீருக்கே குப்பத்துக் கிணறு வரை நடக்க வேண்டிய இடத்தில், தினம் சாயங்காலம் ஒரு குடத்தை அந்தப் பானையில் கவிழ்ப்பாள். நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி அங்கே போவேன். நாலு தட்டு கேட்டு முடிக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். "எங்க அவரு உசுரு இதுல கீதுண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஒரு வருஷம் இப்படியே அந்த ஹம்மைத் துரத்தினார். வால்வுக்கு மேல் பால் பவுடர் டப்பாவை வெட்டிக் கவசம் போட்டார். வால்வைச் சூடாக்க லாரி பேட்டரி வைத்துப் பார்த்தார். ட்ரான்ஸ்பார்மரைத் திருகிலிருந்து கழற்றி, ஒரு கையால் அங்குலம் அங்குலமாகத் திருப்பி, எந்தக் கோணத்தில் இரைச்சல் குறைகிறது என்று காதால் கண்டுபிடித்து, கோணலாகவே இறுக்கினார். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு வாரமும், "இன்னும் ஒண்ணு கீது" என்பார். பாட்டு போடுவதே குறைந்துபோயிற்று. முள்ளை ஓரத்தில் வைத்துவிட்டு, பாட்டு தொடங்குவதற்கு முன்பு இருக்கும் வெறுமையை மட்டும் கேட்பார். வீட்டுக் கடிகாரத்தை நிறுத்தினார். மனைவியைக் கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னார். குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு கரகரத்தபோது, தூக்கிக்கொண்டு வெளியே போ என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள்.

அந்த நவம்பரில்தான் அது நடந்தது. நான் இசைத்தட்டை எடுக்க மேஜையைச் சுற்றிப் போனேன். தரையில் தொங்கிய பச்சை ஒயர் என் கால் விரலில் மாட்டி, சின்னப் பெட்டியின் முதுகிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

ஹம் நின்றது.

குறையவில்லை, நின்றேவிட்டது. ஸ்பீக்கர் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. அவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். பிறகு குனிந்து ஒயரை எடுத்துத் திருகில் வைத்தார். ஊம் என்றது. எடுத்தார், நின்றது. வைத்தார். எடுத்தார். பெரிய பெட்டிக்கு ஒரு எர்த், சின்னப் பெட்டிக்கு ஒரு எர்த், நடுவில் இரண்டு பெட்டியையும் சேர்க்கும் பாட்டு ஒயர். மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகி அதற்குள் ஹம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வருஷம் தேடியதை என் கால் கண்டுபிடித்துவிட்டது.

கடைசி முறை எடுத்தவர் திருப்பி வைக்கவில்லை. கறுப்பு டேப்பால் ஒயரின் நுனியை அழகாகச் சுற்றி, சுவரோரமாக வளைத்து வைத்தார். ஒரு தட்டைப் போட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்லை; பொய் சொல்லவில்லை. இருவருக்கும் கண் கலங்கியது. பாட்டுக்கு நடுவில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அண்ணாத்த, எர்த் இல்லாம..." என்று இழுத்தேன்.

"பாட்டு ஒயரு வழியா பெரிய பொட்டிக்கு எர்த் போய்க்கினு தான் கீது. அது மாட்டியிருக்கிற வரிக்கும் ஒண்ணும் ஆவாது." அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தார். "வூட்ல சொல்லாத பாய். பயந்துகினு கெடக்கும்."

சொல்ல மாட்டேன் என்றேன். ஏன் சொன்னேன்? அந்தப் பாட்டு அடுத்த வெள்ளியும் வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் தேடினாலும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பயம். உப்புக் காற்றில் வீட்டிலிருந்த இரும்பெல்லாம் உரிந்துகொண்டிருந்தது. செத்த ரேடியோவின் ட்ரான்ஸ்பார்மர் மட்டும் எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பெண்ணும் குழந்தையும் வெறுங்காலோடு நடமாடுகிறவர்கள். தோப்பின் விளிம்பு வந்ததும் என் கண் முதலில் அவளைத்தான் தேடும். புடவை நிறம் தெரிந்தால் மூச்சு வரும். அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். மேஜையைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, மனைவியும் மகளும் அதைத் தாண்டக் கூடாது என்றார். பாட்டுக்கு இடைஞ்சல் என்று காரணம் சொன்னார். குழந்தை கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கால் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் தட்டைக் கேட்காமல் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தை மாதத்தில் ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவள் டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, அவரு இல்லாதப்போ தூசு தட்டலாம்னு அந்தச் சின்னப் பொட்டியைத் தொட்டேன். கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருந்துச்சி. அவராண்ட சொல்லாதீங்க, கோட்டைத் தாண்டினதுக்குத் திட்டுவாரு."

"இனிமே தொடாதம்மா" என்றேன்.

"தண்ணி தெனம் ஊத்தறேனே, அப்புறம் ஏண்ணா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டார். இருவரிடமும் ஆளுக்கொரு ரகசியத்தை வாங்கி வைத்துக்கொண்டு நான் டீயைக் குடித்து முடித்தேன்.

சித்திரை கடைசி. அவள் தங்கை பிள்ளைக்குக் காது குத்து என்று குழந்தையோடு செய்யூர் போயிருந்தாள். இரண்டு நாள், வெள்ளி சாயங்காலம் திரும்பிவிடுவதாகப் பேச்சு. ஆகையால் அந்த வெள்ளி எனக்கு நிம்மதியாக இருந்தது. பயப்பட ஆள் இல்லை. மகாபலிபுரத்தில் இறங்கி, குழந்தைக்கு ஒரு பொட்டலம் காராபூந்தி வாங்கிக்கொண்டு, வெயிலில் நடந்தேன். தோப்புக்குள் பாதி தூரம் போனபோது ஒரு சத்தம் கேட்டது.

ஹம். மெல்லிய ஹம் இல்லை. ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி, நிற்காமல், ஊம் என்று. அந்த வீட்டில் ஹம் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த மனிதர் உயிரோடு இருந்தால் இதை ஒரு நிமிஷம் விட்டுவைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஓடினேன்.

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பாட்டு ஒயரின் பிளக் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பூத்துத் துளையோடு ஒட்டிப்போயிருந்திருக்கிறது. ஒரு கையால் இழுத்து வரவில்லை போலிருக்கிறது. வலது கை சின்னப் பெட்டியில், பாதி பிடுங்கிய பிளக்கோடு. இடது கை, கரண்ட் ஓடும் பெட்டிமேல் நான் பார்த்தே அறியாத அந்த இடது கை, ஊன்றிக்கொள்வதற்காகப் பெரிய பெட்டியின்மேல் இருந்தது. பிளக் பாதி வந்ததுமே சின்னப் பெட்டிக்கு இருந்த ஒரே எர்த்தும் அறுந்து, கரண்ட் இரண்டு கை வழியாகவும் நெஞ்சுக்குள் போயிருக்கிறது.

மெயினை இழுத்தேன். ஹம் நின்றது. கடல் மட்டும் கேட்டது. தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் செய்வதற்கில்லை.

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் நான் ஒன்று செய்தேன். சுவரோரம் வளைந்து கிடந்த பச்சை ஒயரை எடுத்தேன். கறுப்பு டேப்பைப் பிரித்தேன். அவருடைய ஸ்க்ரூ டிரைவராலேயே அதைச் சின்னப் பெட்டியின் முதுகில் வைத்து இறுக்கினேன். ஊருக்கெல்லாம் எர்த் போட்டுக் கொடுத்த மெக்கானிக், தன் வீட்டு எர்த்தைக் கழற்றி வைத்துக்கொண்டு செத்தான் என்று பஜார் சிரிக்கும். அது நடக்கக் கூடாது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் கால் பட்டு முதலில் கழன்றது, யாருக்கு இது தெரியும் என்ற கேள்வியும் வரும். அதை நான் அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். டேப்பைச் சுருட்டி ஜிப்பா பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் குப்பத்து ஆட்களைக் கத்திக் கூப்பிட்டேன்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டது. கரண்ட் ஆபீஸிலிருந்து ஒரு லைன்மேன் வந்தார். ஒயரை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. வெளியே போய்க் குழிக்குள் கம்பியை விட்டுக் குத்தினார்.

"ஒயரெல்லாம் சரியாத்தான் கீது. குழிதான் காஞ்சி போச்சி. கரியெல்லாம் பொடிப்பொடியா வருது. ரெண்டு நாளா யாரும் தண்ணியே ஊத்தல போல. எர்த்து வேல செய்யல, ஆளைப் புடிச்சிருச்சி."

அவர் நல்லவர். எதிரில் இருந்ததை வைத்துச் சொன்னார். அதை எதிரில் வைத்தவன் நான். அவர் சொல்லி முடித்தபோது தோப்புப் பாதையில் அந்தப் பெண் வந்து நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் பை, இடுப்பில் தூங்குகிற குழந்தை. கூட்டத்தைப் பார்த்து வந்தவள் அந்த வார்த்தைகளை முழுசாகக் கேட்டுவிட்டாள். வீட்டுக்குள் போகவில்லை. நேராக அந்த உடைந்த பானையிடம் போய் உட்கார்ந்து, உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அழவில்லை.

"குப்பத்துல யாராண்டயாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ண்ணா. ஒரு கொடம் ஊத்துங்கன்னு சொன்னா யாரு மாட்டேன்னு சொல்லப் போறாங்க? மறந்துட்டேன். அவரு அத்தினி தபா சொன்னாரு."

நான் வாயைத் திறந்தேன். "விதிம்மா" என்றுதான் வந்தது. என் பைக்குள் அந்தக் கறுப்பு டேப் இருந்தது.

அவள் செய்யூருக்கே போய்விட்டாள். பதினாறு, பதினேழு வருஷம் கழித்து மகளுக்குக் கல்யாணம், கேளம்பாக்கத்து மாப்பிள்ளை, அங்கேயே மண்டபம். பத்திரிகை வந்தது, போனேன். அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் ராத்திரி வரவேற்புக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, மணப்பெண் அலங்காரத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுண்ணாம்புக் கோட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்த அதே குழந்தை.

"மாமா, நீங்களாவது அம்மாவை இருக்கச் சொல்லுங்க. ஊருக்குக் கெளம்பறாங்க. எனக்குத் தெரிஞ்சி எங்கயும் ஒரு ராத்திரி தங்கினது கெடையாது. அங்க வூட்ல இருக்கிறது ஒரு பல்பு, ஒரு ஃபேனு. அதுக்கு ஒரு எர்த் குழி. தெனம் தண்ணி ஊத்தணும்னு ஓடுறாங்க. என் கல்யாணத்துக்குக் கூட இருக்க மாட்டேன்றாங்க."

அதற்குள் அம்மாவே பையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். அவர் ஒயரைக் கழற்றித்தான் வைத்திருந்தாரம்மா, நீ ஆயிரம் குடம் ஊற்றியிருந்தாலும் அது அவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது, அவர் போன பிறகு மாட்டி வைத்தவன் நான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இரண்டு மூச்சில் சொல்லி முடிக்கலாம். சொன்னால் அவள் அன்று ராத்திரி மகளோடு இருந்திருப்பாள்.

"வரேண்ணா. குழி காஞ்சிடும்" என்றாள்.

"சரிம்மா. பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்பு" என்றேன்.